குமரிமுனையிலிருந்து நேர் தெற்கே: படிப்பகச் சுவருக்கு எந்த உலகப் படம்?

குமரிமுனையில் நின்று தெற்கே பார்த்தால் அண்டார்டிகா வரை நிலமே இல்லை என்று பலரும் சொல்வார்கள். முனையின் தீர்க்கரேகை கிழக்கே 77 டிகிரி 33 நிமிடம் அளவில் இருக்கிறது. அதே ரேகையைப் பிடித்துக்கொண்டு தெற்கே போனால் ஏறத்தாழ 5,100 கிலோமீட்டரில் ஆம்ஸ்டர்டாம் தீவு எதிர்ப்படுகிறது. பிரான்சுக்குச் சொந்தமான சிறிய எரிமலைத் தீவு. நிரந்தரக் குடிகள் கிடையாது. ஓர் ஆய்வு நிலையம் உண்டு, உலகில் வேறெங்கும் கூடு கட்டாத ஒருவகை அல்பட்ராஸ் பறவையும் உண்டு. அந்தத் தீவிலிருந்து மேலும் சுமார் 3,500 கிலோமீட்டர் போனால் அண்டார்டிகாவின் கரை. அங்கே, நம் ரேகையிலிருந்து 50 கிலோமீட்டர் அளவே மேற்கே தள்ளி, 2012-இல் இந்தியா திறந்த பாரதி ஆய்வு நிலையம் நிற்கிறது. நம் மாவட்டத்துக் கடலின் மறுகரையில் நம் நாட்டவர்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். இதை எந்தப் பாடப்புத்தகப் படமும் எனக்குக் காட்டித் தந்ததில்லை.

உலகப் படங்களை ஒப்பிட இந்தக் கோட்டையே அளவுகோலாக எடுத்துக்கொண்டேன். குமரியிலிருந்து தீவு வரை முதல் பகுதி, தீவிலிருந்து பாரதி வரை இரண்டாம் பகுதி. உண்மையில் முதல் பகுதி இரண்டாவதைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஒரு படத்தில் இவ்விரண்டையும் ஸ்கேல் வைத்து அளந்தால் என்ன விகிதம் கிடைக்கிறதோ, அதிலேயே அந்தப் படத்தின் குணம் தெரிந்துவிடும். பரப்பளவைச் சோதிக்க வேறொரு இணையை வைத்துக்கொண்டேன்: தமிழ்நாடும் ஐஸ்லாந்தும். தமிழ்நாடு சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். ஐஸ்லாந்து சுமார் 1,03,000. நாம்தான் பெரியவர்கள்.

இந்த அலசலுக்குத் தேவை வந்தது குளச்சலுக்கு மேற்கே உள்ள எங்கள் கடற்கரை ஊரின் படிப்பகத்துக்காக. ஆறடி அகலச் சுவர் ஒன்று காலியாக இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் மாலையில் வருகிறார்கள். கணவனோ மகனோ வளைகுடாவில் இருக்கும் பெண்கள் நாளிதழ் பார்க்க வருகிறார்கள். பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடல் முடிந்து கரையேறியவர்கள் வந்து உட்காருகிறார்கள். இத்தனை பேருக்கும் பொதுவாக ஒரே ஒரு படம் மாட்ட வேண்டும் என்றால் எது?

உருண்டையைத் தாளில் எந்தச் சிதைவும் இல்லாமல் விரிக்க முடியாது. ஜெர்மன் கணித மேதை காஸ் இதை 1820-களிலேயே நிறுவிவிட்டார். பரப்பு, வடிவம், திசை, தூரம் எல்லாவற்றையும் ஒரே தாளில் காப்பாற்ற வழியில்லை. ஆகவே ஒரு படம் எதைக் காப்பாற்றுகிறது, அதற்கு எதை விலையாகக் கொடுக்கிறது, அந்த விலை யார் தலையில் விழுகிறது என்று கேட்பதுதான் சரியான ஒப்பீடு.

மெர்கேட்டர்: படகில் உத்தமம்

1569-இல் கெரார்டஸ் மெர்கேட்டர் தம் படத்தை வெளியிட்டபோது, இது கடலோடிகளின் பயன்பாட்டுக்கானது என்று தலைப்பிலேயே எழுதினார். சொன்னதைச் செய்தும் காட்டினார். திசைகாட்டி முள்ளை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு படகு போனால், அதன் பாதை இந்தப் படத்தில் நேர்கோடாக விழும். வடக்கிலும் தெற்கிலும் போகப் போக தீர்க்கரேகைகள் உண்மையில் நெருங்கி வருகின்றன. இவர் அவற்றை இணைகோடுகளாக்கினார். அதனால் கிழக்கு மேற்காக எவ்வளவு விரிகிறதோ அதே அளவு வடக்கு தெற்காகவும் விரித்தார். கோணம் சிதையாமல் நின்றது.

கோணத்தின் அருமை எங்கள் கடற்கரைக்குத் தெரியும். கரையில் தெரியும் மலைமுகட்டையும் தேவாலயக் கோபுரத்தையும் பார்த்துக் கடலில் தங்கள் இடத்தைக் குறித்துக்கொள்ளும் கணியம் என்ற கலை இங்கே தலைமுறைகளாக இருந்துவருகிறது. இரண்டு அடையாளங்கள், அவை தெரியும் திசைகள், அதிலிருந்து மீன் கிடைத்த பாறையின் இடம். அந்த அறிவைத் தாளில் இறக்க வேண்டுமானால் கோணத்தைக் கெடுக்காத படம்தான் வேண்டும். இன்று விசைப்படகுகளில் உள்ள ஜி.பி.எஸ். கருவியின் திரையிலும் மெர்கேட்டர் முறையே இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மெர்கேட்டரின் சிதைவு நிலநடுக்கோட்டருகே மிகக் குறைவு. நாம் இருக்கும் எட்டு டிகிரி அட்சரேகையில் நீளம் ஒரு சதவீத அளவே மிகையாகத் தெரியும். தூத்தூர் வட்டார மீனவர்கள் டீகோ கார்சியா பக்கம் வரை போனது நாளிதழ்களில் வந்த செய்தி. இங்கிருந்து அந்தத் தீவு ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏழு டிகிரியில். அதாவது எங்கள் ஊர்க்காரர்கள் தொழில் செய்யும் கடற்பரப்பில் பெரும்பகுதி இந்தப் படம் நம்பத்தக்கதாக இருக்கும் பட்டைக்குள்ளேயே அடங்குகிறது. அவர்கள் இதை நம்புவதில் தவறே இல்லை. படிப்பகத்திலும் மெர்கேட்டரையே மாட்ட வேண்டும் என்று விசைப்படகு ஓட்டும் ஓர் அண்ணன் வாதாடியபோது அவர் பக்கம் நியாயம் இருந்தது.

ஆனால் சுவரில் மாட்டினால் உலகம் முழுவதும் பார்வைக்கு வருகிறது. 60 டிகிரியில் நீளம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. 80 டிகிரியில் பரப்பு 33 மடங்கு. கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு ஈடாக நிற்கிறது. உண்மையில் ஆப்பிரிக்கா அதைப் போல 14 மடங்கு பெரியது. இந்தியாவே கிரீன்லாந்தைப் போல ஒன்றரை மடங்கு என்று சொன்னால் படித்தவர்கள்கூட நம்ப மறுக்கிறார்கள். என் சோதனையில் ஐஸ்லாந்து தமிழ்நாட்டைப் போல நான்கு மடங்குக்கு மேல் தெரிகிறது.

தெற்குக் கோடு இன்னும் மோசம். தீவிலிருந்து பாரதி வரையான பகுதி, குமரியிலிருந்து தீவு வரையான பகுதியைவிட ஆறில் ஒரு பங்கு நீளமாகிவிடுகிறது. எது தொலைவு, எது அருகு என்ற வரிசையே தலைகீழாக மாறுகிறது. அதுவும் பாரதி படத்தில் இருந்தால்தான். பல வகுப்பறைப் படங்களில் அண்டார்டிகாவைக் கீழே வெட்டிவிடுகிறார்கள். வெட்டியபின் நிலநடுக்கோடு தாளின் நடுவிலிருந்து கீழே இறங்கிவிடுகிறது. ஐரோப்பா நடுவுக்கு வருகிறது. வடக்கே உள்ள நாடுகள் பெருத்தும் நடுக்கோட்டை ஒட்டியவை சிறுத்தும் தெரியும் படத்தைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, தன் நாட்டின் அளவைப் பற்றியே தவறான எண்ணம் மனதில் உறைந்துவிடுகிறது. எனக்கு இது சிறிய விஷயமாகத் தெரியவில்லை. கடலோடிக்காகச் செய்த கருவியை வகுப்பறையில் மாட்டியவர்கள்தான் இதற்குப் பொறுப்பு, மெர்கேட்டர் அல்ல.

கைப்பேசி வரைபடங்களும் இதே வழியில் வந்தவைதான். தெருமுனையின் கோணம் கெடாமல் இருக்க வேண்டும், படத்தைச் சதுரச் சதுரமாக வெட்டி அனுப்பவும் வசதி வேண்டும் என்பதால் இந்த முறை. வடசேரிச் சந்தைக்கு வழி தேட அது போதும். கூகுள் 2018-இல் கணினித் திரையில், வெகுதூரம் விலகிப் பார்க்கும்போது, தட்டைப் படத்துக்குப் பதில் உருண்டையைக் காட்டத் தொடங்கியது.

பீட்டர்ஸ்: நியாயம் கேட்ட படம்

1973-இல் ஜெர்மனியில் ஆர்னோ பீட்டர்ஸ் தம் படத்தை முன்வைத்தபோது அவர் பேசியது நம்மைப் போன்ற நாடுகளுக்காக. மெர்கேட்டர் ஏழை நாடுகளைச் சுருக்கிக் காட்டுகிறது, ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் உண்மைப் பரப்பைக் கொடுக்கும் படம் வேண்டும் என்றார். இதே அமைப்பை ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜேம்ஸ் கால் 1855-லேயே உருவாக்கியிருந்ததால் இன்று கால்–பீட்டர்ஸ் என்று சேர்த்துச் சொல்கிறார்கள். 2017-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர அரசுப் பள்ளிகள் இதை வகுப்பறைகளுக்குள் கொண்டுவந்தன.

பரப்புச் சோதனையில் இது முழு மதிப்பெண் வாங்குகிறது. தமிழ்நாடு ஐஸ்லாந்தைவிடப் பெரியதாகத் தெரிகிறது. ஆப்பிரிக்கா தன் பிரம்மாண்டத்தை மீட்டுக்கொள்கிறது. இந்தப் படத்தை முதலில் பார்த்தபோது எனக்குள் எழுந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

பிறகு நம் பகுதியை உற்றுப் பார்த்தேன். ரப்பர் ஷீட்டை நீளவாக்கில் இழுத்தால் அகலம் குறுகுமே, அதே கதி. பரப்பைச் சரியாக வைக்க, நிலநடுக்கோட்டருகே உள்ள நிலங்களை வடக்கு தெற்காக நீட்டி, கிழக்கு மேற்காக ஒடுக்குகிறது. நம் எட்டு டிகிரியில் எந்த உருவமும் உள்ளதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு ஒல்லியாகிவிடும். இலங்கையின் நீளம் சுமார் 430 கிலோமீட்டர், அகலம் சுமார் 225. அகலத்தைப் போல இரண்டு மடங்கு நீளம். இந்தப் படத்திலோ நான்கு மடங்கு நீளமாகத் தொங்குகிறது. எந்த இடத்தில் வடிவம் சற்றும் கெடாமல் இருக்கிறது என்று பார்த்தால், அது 45 டிகிரி. பிரான்சின் தென்பகுதி, இத்தாலியின் வடபகுதி. நமக்காகப் பேசிய படம் வடிவச் சிதைவின் சுமையை நம்மீதும் துருவங்கள்மீதும் ஏற்றிவிட்டு, ஐரோப்பாவின் முகத்தைச் சேதமில்லாமல் வைத்திருக்கிறது. பீட்டர்ஸின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். அவர் தேர்ந்த கணக்கு நமக்கு ஒத்துவரவில்லை.

தெற்குக் கோட்டிலும் மறுபக்கப் பிழை. முதல் பகுதி இரண்டாவதைப் போல இரண்டேகால் மடங்குக்கும் மேல் வருகிறது. அண்டார்டிகா கீழ் விளிம்பில் ஒரு பட்டையாக நசுங்கிக் கிடக்கிறது. 1989-இல் வட அமெரிக்கப் புவியியல் அமைப்புகள் பல ஒன்றுசேர்ந்து, பொதுப் பயன்பாட்டுக்குச் செவ்வக உலகப் படங்களே வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. மெர்கேட்டர், பீட்டர்ஸ் இரண்டுக்கும் அது பொருந்தும்.

ராபின்சன், விங்கல்: நடுவழி

விளிம்புகளை வளைத்து, எதையும் முழுதாகக் காப்பாற்றாமல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் வழி இது. ஆர்தர் ராபின்சன் 1963-இல் உருவாக்கியதை நேஷனல் ஜியாகிரபிக் சங்கம் 1988-இல் ஏற்றது. 1998-இல் அதைக் கைவிட்டு, ஜெர்மானியர் ஓஸ்வால்ட் விங்கல் 1921-லேயே வகுத்த மூன்றாம் முறைக்கு மாறியது. தெற்குக் கோட்டுச் சோதனையில் தாள் படங்களில் முதலிடம் இந்த இரண்டுக்கும்தான். விகிதம் உண்மைக்கு மிக அருகில் வருகிறது. தூரத்துக்கு ஓரளவு நம்பலாம், பார்வைக்கும் அழகு.

பரப்பில்தான் சறுக்குகின்றன. கிரீன்லாந்து மெர்கேட்டரில் போல ஊதிப் பெருக்கவில்லை, ஆனாலும் உள்ளதைவிடப் பெரிதாகவே தெரிகிறது. சுவரில் ஒரு படத்தைப் பார்க்கும் பிள்ளை முதலில் ஒப்பிடுவது அளவைத்தான். ஸ்கேல் வைத்துத் தூரம் அளப்பது பிறகு, அதுவும் யாராவது சொன்னால். ஆகவே எனக்குப் பரப்புதான் முதல் நிபந்தனை.

ஜப்பானின் ஹஜிமே நருகாவா உருவாக்கிய ஆத்தாகிராஃப் படம் 2016-இல் அந்நாட்டின் குட் டிசைன் பெருவிருது பெற்றது. உருண்டையை நான்முகியாக மாற்றி விரிக்கும் கூர்மையான யோசனை. அதில் ரேகைகள் வளைந்து நெளிந்து போவதால் எது வடக்கு என்று இடத்துக்கு இடம் தேட வேண்டியிருக்கிறது. திசை தேடி வாழும் ஊரில் அதை மாட்ட மனம் வரவில்லை.

சம புவி: என் தேர்வு

பாஸ்டன் பள்ளிகளின் செய்தி உலகெங்கும் பேசப்பட்டபோது, பரப்பும் சரியாக இருக்க வேண்டும், வடிவமும் கண்ணை உறுத்தக் கூடாது என்று மூன்று பேர் உட்கார்ந்தார்கள்: போயன் சாவ்ரிச், டாம் பேட்டர்சன், பெர்ன்ஹார்ட் ஜென்னி. 2018-இல் ஈக்குவல் எர்த், அதாவது சம புவி, வந்தது. ராபின்சன் படத்தின் தோற்றம், பீட்டர்ஸ் படத்தின் பரப்பு நேர்மை. மெர்கேட்டரை விட்டுவிட்டு இதுபோன்ற படத்துக்கு அரசுகளும் அமைப்புகளும் மாற வேண்டும் என்ற இயக்கத்துக்கு 2025 ஆகஸ்டில் ஆப்பிரிக்க ஒன்றியம் ஆதரவு தெரிவித்தது.

எந்த நாட்டையும் எந்த நாட்டோடும் வைத்துப் பாருங்கள், பரப்பு விகிதம் உண்மையாக இருக்கும். நிலநடுக்கோட்டருகே வடிவம் நீள்வது உண்மைதான். ஆனால் பீட்டர்ஸில் இரண்டு மடங்கு என்றால் இதில் மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். இலங்கை சற்று ஒல்லியாகத் தெரியும், ஆனால் இலங்கையாகவே தெரியும். தெற்குக் கோட்டின் இரண்டு பகுதிகளையும் ஸ்கேல் வைத்து அளந்தால் விகிதம் ஒன்றே முக்கால் அளவில் வருகிறது. விங்கலைவிட ஒரு படி கீழே; மெர்கேட்டர், பீட்டர்ஸ் இரண்டையும்விட நல்லது. அட்சரேகைகள் நேர்கோடுகளாக இருப்பது பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. நம் எட்டு டிகிரிக் கோட்டில் விரலை வைத்து மேற்கே நகர்த்தினால் எத்தியோப்பியா, நைஜீரியா என்று போகலாம். நம்மோடு ஒரே வெயிலில் இருப்பவர்கள் யார் என்று அப்போது புரியும்.

உருண்டை

ஒப்பீட்டில் எல்லாவற்றையும் வெல்வது மேசைமேல் வைக்கும் பூகோள உருண்டைதான். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையில் முதல் பகுதி 12 சென்டிமீட்டர், இரண்டாம் பகுதி எட்டுக்குச் சற்று மேல். விகிதம் துல்லியம். பரப்பும் வடிவமும் உள்ளபடி இருக்கும்.

அதைவிடப் பெரிய பலன் ஒன்று உண்டு. குமரியில் ஒரு நூலின் முனையைப் பிடித்து, மறுமுனையை அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் வைத்து இழுத்துக் கட்டுங்கள். தட்டைப் படம் பார்த்துப் பழகியவர்கள் நூல் பசிபிக் கடலின் நடுவே கிழக்காகப் போகும் என்று எதிர்பார்ப்பார்கள். நூலோ வடக்கே ஏறி, திபெத், மங்கோலியா, சைபீரியா கடந்து, ஆர்க்டிக் வட்டத்துக்குள் 69 டிகிரி வரை போய், அலாஸ்கா வழியாக இறங்குகிறது. குறுகிய வழி அதுதான். மேற்சொன்ன படங்கள் எதிலும் இதை நேர்கோடாகக் காட்ட முடியாது.

குறை என்ன? ஒரு நேரத்தில் பாதி உலகம்தான் கண்ணுக்குத் தெரியும். சுற்றி நான்கு பிள்ளைகள் நின்றால் இடம் போதாது. பெரிய உருண்டை விலை அதிகம். கடற்காற்றில் அச்சு உரிந்துவிடவும் கூடும். ஆனாலும் சிறியதாக ஒன்றையாவது வாங்கி வைத்தே தீர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

வாங்குவதற்கு முன்

முடிவு இப்படி: சுவருக்கு ஈக்குவல் எர்த், மேசைக்கு உருண்டை. மெர்கேட்டர் படகிலேயே இருக்கட்டும், அங்கே அதற்கு நிகர் இல்லை. விசைப்படகு அண்ணன் கேட்டதற்கு இணங்க, நம் கரையிலிருந்து டீகோ கார்சியா வரையான இந்தியப் பெருங்கடல் பகுதியை மட்டும் மெர்கேட்டர் முறையில் தனியாக அச்சிட்டு வாசலருகே மாட்டலாம். அந்தப் பரப்பில் அது உண்மையே பேசும்.

ஈக்குவல் எர்த் படங்களை அதை உருவாக்கியவர்களே இணையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். ஆப்பிரிக்கா–ஐரோப்பாவை நடுவில் வைத்த படம், அமெரிக்கக் கண்டங்களை நடுவில் வைத்த படம், பசிபிக் பக்கத்தை நடுவில் வைத்த படம் என வகைகள் உண்டு. குமரியின் ரேகையே நடுவில் வர வேண்டும் என்று எங்கள் இளைஞர்கள் ஆசைப்பட்டார்கள். அப்படிச் செய்தால் தாளின் வெட்டு மேற்கே 102 டிகிரியில் விழும். கனடா, அமெரிக்கா, மெக்சிகோ மூன்றும் இரண்டு துண்டாகிவிடும். ஆப்பிரிக்காவை நடுவில் வைத்த படத்தையே நான் பரிந்துரைத்தேன். அதில் இந்தியப் பெருங்கடல் ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை முழுதாக வருகிறது, அண்டார்டிகா தவிர வேறெந்தக் கண்டமும் உடையவில்லை.

வெளிநாட்டில் தயாரான எந்தப் படத்திலும் காஷ்மீர், அருணாசலப் பிரதேச எல்லைகளைப் பார்த்துவிட்டே அச்சுக்குக் கொடுக்க வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் படத்தோடு ஒத்துப்போகாத எல்லைகளை அச்சிட்டு வெளியிடுவது சட்டப்படி குற்றம். நாட்டெல்லை இல்லாமல் மலையும் ஆறும் கடலும் மட்டும் உள்ள படம் கிடைத்தால் இந்தச் சிக்கலே வராது. பெயர்களைத் தமிழில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

நாகர்கோவிலில் பெரிய அளவில் அச்சிடும் கடைகளில் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். ஈக்குவல் எர்த் படத்தின் அகலம் உயரத்தைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல். ஆறடி அகலம் என்றால் உயரம் மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவாக வரும். படம் மாட்டும் சட்டம் நான்கடி உயரம் இருக்கிறதே என்று கடைக்காரர் படத்தை மேலும் கீழும் இழுத்து நிரப்பிவிடக் கூடும். அப்படி இழுத்தாலும் நாடுகளின் பரப்பு விகிதம் மாறாது, அதனால் பலருக்கும் பிழை கண்ணில் படாது. வடிவம்தான் பீட்டர்ஸ் பக்கம் சாய்ந்துவிடும். நீள அகல விகிதத்தைப் பூட்டிவைத்து அச்சிடச் சொல்லுங்கள். மிச்சம் விழும் வெள்ளை இடத்தை மேலும் கீழும் சமமாக விட்டுவிடச் சொல்லுங்கள்.